பதிப்புக்கு முன் பிரதியைப் படிப்பது எப்படி: புதிதாக மதிப்பீடு எழுத வருபவர்களுக்கு

சேலத்திலும் ஏற்காட்டு மலையிலும் எழுதுகிறவர்களுக்குக் குறைவில்லை. தறிக்காரர் குடும்பத்துக் கதை, காபித் தோட்டத்து நாவல், ஊர் வரலாறு, ஓய்வுபெற்ற ஆசிரியரின் தன்வரலாறு, கவிதைத் தொகுப்பு என்று பிரதிகள் வந்துகொண்டே இருக்கின்றன. பதிப்பகம் அவற்றில் ஒன்றைக் கையில் எடுக்கும் முன் யாராவது ஒருவர் அதை முழுதாகப் படித்து, போடலாம், திருத்திப் போடலாம், வேண்டாம் என்று காரணத்தோடு எழுதித் தர வேண்டும். அந்த வேலைக்கு முதல்முறையாக உட்காருகிறவர்களுக்காக இது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மதிப்பீடு வேறு, செம்மையாக்கம் (நடையையும் வாக்கியத்தையும் சீர்செய்வது) வேறு, மெய்ப்பு பார்ப்பது (அச்சுக்கு முன் எழுத்துப்பிழை திருத்துவது) வேறு. ஒற்றுப்பிழையும் றகர ரகரக் குழப்பமும் கண்ணில் பட்டதும் கை பரபரக்கும். தொடாதீர்கள். பிழை திருத்தத் தொடங்கினால் கண் எழுத்திலேயே நிற்கும், கதை கையை விட்டுப் போகும். இருநூறு பக்கம் முடித்த பிறகு நாவல் எப்படி என்று கேட்டால் பதில் இருக்காது. மொழிநிலை பற்றி அறிக்கையில் ஒரு பத்தி போதும். அதையும் ஊகத்தில் எழுத வேண்டாம். தொடக்கத்தில் ஒரு பக்கம், நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று எடுத்துப் பிழைகளை எண்ணுங்கள். பக்கத்துக்கு இரண்டு மூன்று என்றால் மெய்ப்பில் சரியாகிவிடும். இருபதைத் தாண்டினால் செம்மையாக்கத்துக்குத் தனியாக ஆளும் நாளும் பணமும் ஒதுக்க வேண்டியிருக்கும் என்று பதிப்பகத்துக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

பிரதியை வாங்கும்போது

எழுதியவர் உங்களுக்கு உறவா, நண்பரா, பழைய பகையா என்று முதலில் பாருங்கள். சேலம் போன்ற ஊரில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். புத்தகக் காட்சியிலோ வெளியீட்டு விழாவிலோ பார்த்துப் பேசிய பழக்கம் பரவாயில்லை. கடன் கொடுத்தவர், ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், உங்கள் புத்தகத்துக்கு அணிந்துரை எழுதியவர் என்றால் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பதிப்பகம் பெயரை மறைத்துக் கொடுத்தால் அந்தப் பெயரைத் தேடிப் போகாதீர்கள். கோப்பை வாட்ஸ்ஆப் குழுவில் பகிர்வது, 'இதைக் கொஞ்சம் பாரேன்' என்று நண்பருக்கு அனுப்புவது இரண்டும் நம்பிக்கைத் துரோகம்.

பதிப்பகத்திடம் கேட்டு வாங்க வேண்டிய விவரம் கொஞ்சம் உண்டு: எந்த நூல்வரிசையில் வெளியிட நினைக்கிறார்கள், யாருக்கான புத்தகம், பக்க வரம்பு உண்டா, அறிக்கை எந்தத் தேதிக்குள் வேண்டும், அதை ஆசிரியருக்கும் காட்டுவார்களா. கடைசிக் கேள்வி மிக முக்கியம். பதிப்பகத்துக்கு மட்டும் எழுதும் அறிக்கையின் குரலும் ஆசிரியர் படிக்கப்போகும் அறிக்கையின் குரலும் ஒன்றாக இருக்க முடியாது.

கோப்பு யூனிகோடில் இருக்கிறதா என்று பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் வழக்கமாகச் சில சேதங்கள் இருக்கும். 'கௌரி' என்பதில் ஔகாரக் குறி வர வேண்டிய இடத்தில் 'ள' என்ற தனி எழுத்து உட்கார்ந்திருக்கும். பார்வைக்கு வேறுபாடு தெரியாது, தேடினால்தான் அகப்படும். துணைக்கால் 'ா' வர வேண்டிய இடத்தில் 'ர' இருக்கும். ஒற்றைக்கொம்பு எழுத்தை விட்டுப் பிரிந்து தனியாக நிற்கும். இவை ஆசிரியரின் மொழிக்குறை அல்ல, மாற்றுக் கருவியின் வேலை. இவற்றைக் கணக்கில் சேர்த்து ஆசிரியருக்குத் தமிழ் தெரியவில்லை என்று எழுதிவிடக் கூடாது.

பிறகு அளவு. டெமி அளவுப் பக்கத்தில் (நாவல்கள் வழக்கமாக வரும் அளவு), வழக்கமான எழுத்தளவில், 200 முதல் 230 சொல் வரை பிடிக்கும். ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் தொகுதி, 16 பக்கம். 45,000 சொல் கொண்ட நாவலைப் பக்கத்துக்கு 220 என்று வகுத்தால் 205 பக்கம் வரும். தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், முன்னுரை எல்லாம் சேர்த்து எட்டுப் பக்கம் என்றால் 213. 13 பாரம் என்பது 208 பக்கம். ஐந்து பக்கம் வழிகிறது. அரை பாரம் சேர்த்து 216 ஆக்கலாம், அல்லது 1,100 சொல் குறைத்து 13 பாரத்துக்குள் நிறுத்தலாம். அறிக்கையில் இந்த ஒரு வரி இருந்தால் விலை போடுகிறவருக்குப் பாதி வேலை முடிந்தது. உரையாடல் மிகுந்த பிரதியில் பாதி வரிகள் காலியாக நிற்பதால் பக்கம் இன்னும் கூடும்.

முதல் வாசிப்பு

முன்னுரையையும் அணிந்துரையையும் படிக்காமல் நேராக முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். அணிந்துரை எழுதியவர் எதைப் பாராட்டினாரோ அதையே நீங்களும் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். எல்லாம் முடித்த பிறகு அதைப் படித்தால், ஆசிரியர் செய்ய நினைத்ததற்கும் செய்ததற்கும் உள்ள இடைவெளி தெரியும்.

முதல் முப்பது பக்கத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நான்கு வரி எழுதுங்கள்: இது யாரைப் பற்றியது, என்ன நடக்கப்போகிறது என்று தோன்றுகிறது, எந்த இடத்தில் மனம் நின்றது, எந்த இடத்தில் கண் மட்டும் ஓடியது. இந்த நான்கு வரியை மாற்றாமல் வைத்திருங்கள். புத்தகத்தைப் பணம் கொடுத்து வாங்குகிறவரின் நிலைக்கு மிக அருகில் நீங்கள் இருந்தது அப்போதுதான். முழுதும் படித்த பிறகு ஆசிரியரின் உழைப்பு தெரிந்துவிடும், இரக்கம் வந்துவிடும், அந்தப் பார்வை திரும்பக் கிடைக்காது.

குறிப்பெடுத்துக்கொண்டே படித்தால் ஏ4 தாளில் மணிக்கு இருபது, இருபத்தைந்து பக்கம்தான் போகும். அதற்கு மேல் ஓடினால் நீங்கள் படிக்கவில்லை, புரட்டுகிறீர்கள். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் போதும். நடுப்பகுதி தொய்கிறது என்று எழுதப்படும் அறிக்கைகளில் பல, படித்தவர் களைத்துப்போன நேரத்தில் எழுதியவை. சந்தேகம் இருந்தால் அந்த அத்தியாயங்களை மறுநாள் காலையில் மட்டும் தனியாகப் படியுங்கள். அப்போதும் தொய்ந்தால் குறை பிரதியில்தான்.

நாவல் என்றால் அத்தியாயத்துக்கு ஒரு வரி வீதம் அட்டவணை போடுங்கள். யார், எங்கே, எந்தக் காலம், அத்தியாயத்தின் முடிவில் என்ன மாறியது என்று நான்கு கட்டம். நான்காவது கட்டத்துக்குத்தான் மதிப்பு. அதில் எதையும் நிரப்ப முடியாமல் தொடர்ந்து மூன்று அத்தியாயம் போனால் கதை அங்கே நின்றுவிட்டது என்று பொருள். 'பின்கதை சொல்கிறார்', 'ஊரை வர்ணிக்கிறார்' என்றே அந்தக் கட்டம் நிரம்பிக்கொண்டு போனாலும் அதே சேதிதான். வர்ணனையே உயிராக உள்ள நாவல்கள் உண்டு. அங்கே மாறுவது நிகழ்ச்சியாக இல்லாமல் பார்க்கிறவரின் மனமாக இருக்கலாம். அதையும் அந்தக் கட்டத்தில் எழுத முடிய வேண்டும்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். தமக்குப் பிடித்த வகை நாவலை மனதில் வைத்துக்கொண்டு கையில் உள்ளதை அளக்கிறார்கள். பிரதி எதைச் செய்ய முயல்கிறதோ அதை வைத்துத்தான் அதை அளக்க வேண்டும். விறுவிறுப்பான குற்றக்கதையில் தத்துவ ஆழம் இல்லை என்பது குறையல்ல. கொலையாளி யார் என்று 40ஆம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டால் அது குறை.

ஊர் விவரம், காலம், பேச்சு

உள்ளூரைக் களமாகக் கொண்ட பிரதியில் ஆண்டுகளையும் பருவங்களையும் தனித்தாளில் எழுதி வரிசையாகச் சரிபாருங்கள். வழக்கமாக இடறும் இடங்கள் சில:

1985இல் நடக்கும் கதையில் 'நாமக்கல் மாவட்டம்' என்று வந்தால் தவறு. அது சேலத்திலிருந்து பிரிந்தது 1997இல். தருமபுரி பிரிந்தது 1965இல். சேலம் மாநகராட்சியானது 1994இல், அதற்கு முன்பு நகராட்சி. மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934இல். 1957க்கு முந்தைய காட்சியில் கடைக்காரர் ரூபாய்க்கு நூறு பைசா என்று கணக்குச் சொல்லக் கூடாது, அணா கணக்குத்தான். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820களில், காக்பர்ன் கலெக்டராக இருந்த காலத்தில். திப்பு காலத்துக் கதையில் மலைமேல் காபித் தோட்டம் வந்தால் அந்த அத்தியாயமே விழும்.

பருவமும் அப்படித்தான். காபி பூப்பது கோடை மழைக்குப் பிறகு, மார்ச் ஏப்ரல் வாக்கில். பழம் பறிப்பது நவம்பரிலிருந்து தை வரை. மாம்பழம் குவியும் மே மாதத்தில் பெண்கள் சிவந்த காபிப் பழம் பறிக்கிறார்கள் என்ற வரி எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் ஏற்காட்டுக்காரர் படித்தால் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். சேலத்தின் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கைத் திருவிழா ஆடியில் வருவது. அதைச் சித்திரைக்கு மாற்றினால் சேலம் வாசகர் யாரும் மன்னிக்க மாட்டார். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. எண்ணைச் சொல்வதானால் சரியாகச் சொல்லட்டும், இல்லையென்றால் சொல்லாமல் விடட்டும்.

சேர்வராயன் மலைப் பழங்குடியினரை மலையாளிகள் என்று குறிப்பது வழக்கம். அவர்கள் பேசுவது தமிழ். அவர்களைக் கேரளத்தவரோடு குழப்பும் வரி இருந்தால் பக்க எண்ணோடு சுட்டிக்காட்டுங்கள். அவர்களைக் கள்ளமற்ற காட்டு மனிதர்களாக மட்டும் காட்டி, பெயரும் ஆசையும் கோபமும் கொடுக்காமல் விட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இது அரசியல் சரிபார்ப்பு மட்டுமல்ல, பாத்திரம் பாதியில் நிற்கிறது என்ற கலைக்குறையும்தான்.

பேச்சுவழக்கைப் பிழையாக எண்ணாதீர்கள், ஆனால் சீராக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஆள் 12ஆம் பக்கத்தில் 'வந்துட்டனுங்க' என்றும் 13இல் 'வந்துவிட்டேன்' என்றும் பேசினால் காரணம் இருக்க வேண்டும். அம்மாப்பேட்டை நெசவாளர் கதையில் எல்லார் வீட்டிலும் ஒரே தமிழ் ஒலித்தால் நின்று யோசியுங்கள். சேலத்துத் தறிக்குடும்பங்களில் வீட்டுக்குள் சௌராட்டிரம் பேசுகிறவர்களும் கன்னடம், தெலுங்கு பேசுகிறவர்களும் உண்டு. தறி, பாவு, ஊடை, நாடா என்று தொழில்சொல் வரும் பக்கங்களைத் தறியில் உட்கார்ந்த ஒருவரிடம் சரிபார்க்கச் சொல்லி அறிக்கையில் பரிந்துரையுங்கள். பிரதியை நீங்களாக யாரிடமும் காட்ட வேண்டாம், பதிப்பகம் ஏற்பாடு செய்யட்டும்.

ஊர் வரலாறும் தன்வரலாறும்

கதையை விட இந்த வகைப் பிரதிகளில்தான் ஆபத்து அதிகம். 'என்று சொல்லப்படுகிறது', 'என்பது வரலாறு' என்ற சொற்கள் வரும் இடத்தையெல்லாம் கோப்பில் தேடி எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் கல்வெட்டோ ஆவணமோ பெயருள்ள தகவலாளியோ இருக்கிறாரா என்று பாருங்கள். வாய்மொழி வரலாறு மதிப்பற்றது அல்ல. யார் சொன்னார், எந்த ஊரில், எந்த ஆண்டில் என்ற மூன்றும் இருந்தால் அதுவும் சான்றுதான்.

எண்களை மூலத்தோடு ஒப்பிடுங்கள். 1918இல் வந்த சேலம் மாவட்ட கெசட்டியரிலிருந்து (அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூல்) மக்கள்தொகையோ விளைநிலப் பரப்போ எடுத்து இன்றைய சேலம் மாவட்டத்தோடு ஒப்பிடும் பிரதிகள் வரும். அன்றைய மாவட்டத்துக்குள் இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடக்கம். எண் சரியாக இருக்கும், ஒப்பீடு தவறாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களுக்குச் சம்பளம்.

எடுத்தாண்ட பகுதிகளைத் தேடும்போது ஒரு நுணுக்கம். தமிழ் வரியை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டு இணையத்தில் தேடினால் பல சமயம் அகப்படாது. ஓர் ஒற்று கூடியோ குறைந்தோ இருந்தாலும், சொல்லைப் பிரித்தோ சேர்த்தோ எழுதியிருந்தாலும் தேடுபொறி வேறு வரி என்று நினைத்துக்கொள்ளும். ஆள் பெயர், ஊர்ப் பெயர், ஆண்டு மூன்றும் வரும் நான்கைந்து சொல்லை எடுத்துத் தேடுங்கள். ஆசிரியரின் வழக்கமான நடையிலிருந்து திடீரென்று வேறு நடைக்கு மாறும் பத்திகளை முதலில் சோதியுங்கள். விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்தது அங்கேதான் இருக்கும். பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் கைகொடுக்கும்.

கணினி எழுதிய பத்திகளும் இப்போது வருகின்றன. எந்த ஊருக்கும் பொருந்தும் தெரு, எந்த வீட்டுக்கும் பொருந்தும் சமையல், ஒரே நீளத்தில் அடுக்கடுக்காகப் பத்திகள் என்றால் சந்தேகப்படலாம். ஆனால் சந்தேகத்தை வைத்துக் குற்றம் சாட்டக் கூடாது. பக்கங்களைக் குறித்துக் கொடுத்து, முந்தைய வரைவுகளை ஆசிரியரிடம் கேட்டுப் பார்க்கும்படி பதிப்பகத்துக்கு எழுதுங்கள்.

சட்டம் பார்ப்பது வக்கீலின் வேலை. எங்கே பார்க்க வேண்டும் என்று கைகாட்டுவது உங்கள் வேலை. உயிரோடு இருக்கும் ஒருவரைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டும் பக்கம், பாலியல் வன்முறைக்கு ஆளானவரை அடையாளம் காட்டும் பக்கம், சாதிப் பெயரால் இழிவு செய்யும் வரி ஆகியவற்றைத் தவறாமல் பட்டியலிடுங்கள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் திரைப்பாடல் வரி வைத்திருந்தால் அனுமதி வாங்க வேண்டும் என்று எழுதுங்கள். பதிப்புரிமை, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு வரை இருக்கிறது. 1975இல் காலமானவரின் படைப்புக்கு 2035 முடிய உரிமை உண்டு. நாட்டுடைமையான எழுத்து என்றால் இந்தக் கவலை இல்லை. மொழிபெயர்ப்புப் பிரதி வந்தால் மூல ஆசிரியரின் எழுத்துபூர்வ அனுமதி இருக்கிறதா என்று கேட்ட பிறகே முதல் பக்கத்தைத் திறங்கள். அனுமதி இல்லாவிட்டால் படிக்கும் எட்டுப் பத்து மணி நேரமும் வீண்.

கவிதை, சிறுகதைத் தொகுப்புகளுக்கு முறை எளிது. ஒவ்வொன்றுக்கும் 'இருக்கட்டும்', 'யோசிக்கலாம்', 'எடுத்துவிடலாம்' என்று மூன்றில் ஒன்றைக் குறித்து, வரிசையையும் பாருங்கள். பன்னிரண்டு கதைகளில் ஏழு நல்லவை என்றால், இன்னும் மூன்று எழுதிய பிறகு வரச் சொல்வது ஆசிரியருக்குச் செய்யும் உபகாரம்.

அறிக்கை எழுதுவது

இரண்டு அல்லது மூன்று பக்கம் போதும். கதைச்சுருக்கம் பத்து வரியைத் தாண்டக் கூடாது. பல அறிக்கைகள் முழுக்கச் சுருக்கமாகவே இருக்கின்றன. படித்ததற்கு அது சாட்சி, மதிப்பீட்டுக்கு அல்ல. முடிவை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு பலம், குறை, செய்ய வேண்டியவை, பக்கக் கணக்கு, சட்டக் குறிப்பு.

ஒவ்வொரு தீர்ப்புக்கும் பக்க எண் வேண்டும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஓர் எடுத்துக்காட்டு. காபி எஸ்டேட் நாவல் ஒன்றுக்கு இப்படி ஒரு குறிப்பு என்று வைத்துக்கொள்வோம்:

'நடை சரளம். பாத்திரப் படைப்பு சிறப்பு. இரண்டாம் பகுதி சற்றே தொய்கிறது.'

இது எந்த நாவலுக்கும் பொருந்தும், யாருக்கும் உதவாது. அதே கருத்தை இப்படி எழுதலாம்:

'அத்தியாயம் 9 முதல் 14 வரை (பக்கம் 71–118) செல்லம்மா எந்த முடிவும் எடுப்பதில்லை. வேலைநிறுத்தம் அவளைச் சுற்றி நடக்கிறது, அவளைத் தொடவில்லை. 11, 12 இரண்டும் எஸ்டேட் முதலாளியின் குடும்ப வரலாறு. அதில் கதைக்கு வேண்டியது நிலப்பட்டா பற்றிய சேதி மட்டும் (பக்கம் 94). அதை 9க்குக் கொண்டுவந்தால் இந்த இரண்டு அத்தியாயங்களையும் எடுத்துவிடலாம், சுமார் 4,000 சொல் குறையும். ரைட்டர் கூலிக் கணக்கு எழுதும் காட்சி (பக்கம் 33–36) பிரதியின் சிறந்த இடம். செல்லம்மா கைநாட்டு வைக்க மறுக்கும் அந்த ஒரு அசைவில் அவள் முழுதாகத் தெரிகிறாள். பின்பகுதியிலும் அவளை இப்படிச் செயலில் காட்ட வேண்டும்.'

பலத்தைச் சொல்லும் வரி குறையைச் சொல்லும் வரி அளவுக்கே துல்லியமாக இருப்பதைக் கவனியுங்கள். எது நன்றாக வந்தது என்று தெரியாத ஆசிரியர் திருத்தும்போது முதலில் அதைத்தான் அழித்துவிடுவார்.

குறை சொல்லும்போது ஆளை விட்டுவிட்டுப் பிரதியைப் பற்றிப் பேசுங்கள். 'ஆசிரியருக்கு ஏற்காடு தெரியவில்லை' என்று எழுதுவதற்குப் பதில் 'பக்கம் 52இல் பறிப்புக் காலம் மே மாதமாக உள்ளது, மாற்ற வேண்டும்' என்று எழுதினால் வேலை நடக்கும். தீர்வை நீங்களே எழுதிக் கொடுக்கவும் கூடாது. சிக்கல் எங்கே, ஏன் என்று காட்டி, ஒரு வழியைச் சுட்டி நிறுத்துங்கள். முடிவை மாற்றி நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தை இணைத்து அனுப்பினால் பதிப்பகத்துக்கு சங்கடம், ஆசிரியருக்குக் காயம்.

'வேண்டாம்' என்று சொல்வதானால் எந்த வகை வேண்டாம் என்று பிரித்துச் சொல்லுங்கள். இந்தப் பதிப்பகத்துக்குப் பொருந்தாது, இந்த வடிவில் வேண்டாம், நூலாகவே ஆகாது என்று மூன்று உண்டு. முதல் வகை என்றால் எந்த மாதிரி பதிப்பகத்துக்குப் பொருந்தும் என்று ஒரு வரி சேருங்கள். 'திருத்திப் போடலாம்' என்றால் கட்டாயம் செய்ய வேண்டியவற்றை ஐந்துக்குள் அடக்குங்கள். முப்பது திருத்தம் கேட்டால் ஆசிரியர் எளிதான இருபத்தைந்தைச் செய்து கடினமான ஐந்தை விட்டுவிடுவார்.

திருத்திய பிரதி திரும்பி வரும்போது பழைய அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். வேர்டில் இரண்டு கோப்புகளையும் ஒப்பிடும் வசதி உண்டு, எங்கெங்கே மாறியிருக்கிறது என்று காட்டிவிடும். மாறிய பத்தியை மட்டும் படித்து நிறுத்தாமல் அதற்கு முன்னும் பின்னும் பத்துப் பக்கம் படிக்க வேண்டும். நீக்கிய அத்தியாயத்தில் அறிமுகமான ஆள் பின்னால் பெயரோடு வந்து நிற்பதும், முன்னால் இறந்தவர் கல்யாணத்துக்கு வருவதும் இந்தக் கட்டத்தில்தான் நடக்கும். ஆசிரியர் கேட்டதைச் செய்யாமல் வேறு வழியில் சிக்கலைத் தீர்த்திருந்தால், தீர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டாம் அறிக்கை அரைப் பக்கம் போதும். புதிய குறைகளை அதில் தேடித் தேடிச் சேர்க்க வேண்டாம், முதல்முறை உங்கள் கண்ணுக்குத் தப்பியது பெரிய குறையாக இருந்தால் ஒழிய. அதை அனுப்பிய பிறகு, பதிப்பகம் முடிவு செய்ததும் பிரதியின் கோப்பைக் கணினியிலிருந்தும் மின்னஞ்சலிலிருந்தும் நீக்கிவிட்டு, உங்கள் அறிக்கையையும் அத்தியாய அட்டவணையையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.